குமிழ்கள் எதையும் தருவதில்லை

ஔலு நகரில் ஜனவரி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
அடுக்குமாடிக்கு அடியில், குண்டு விழுந்தால்
ஒளிந்துகொள்ளவென்று கட்டிய அறை.
விழவில்லை. ஆகவே நாங்கள் வாசிக்கிறோம்.
இரும்புக் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டும்;
சாத்திவிட்டால் மாடியில் தூங்கும் குழந்தை
புரண்டுகூடப் படுக்காது.

ஸைலா தானே பற்றவைத்துச் செய்த ப்ரீ-ஆம்ப்:
நான்கு வால்வு, ஒரு பிஸ்கட் தகரம்,
முகப்பில் சிவப்பு நெயில் பாலிஷில்
கெயின், பேஸ், மிட், ட்ரெபிள்.
வால்யூமுக்குப் பெயர் எழுதவில்லை.
அது எப்படியும் முழுசாகத்தானே இருக்கப்போகிறது என்றாள்.

அக்டோபரில் விவாகரத்துத் தாள்களில் கையெழுத்திட்டோம்.
சோபா யாருக்கு, படகு யாருக்கு என்று இருந்தது.
இசைக்குழு பற்றி ஒரு வரி இல்லை.
அதனால் செவ்வாய்க்கிழமைகளில்
அவள் கிட்டார், நான் பேஸ்,
இரண்டு பக்கமும் பார்க்காமலிருக்கப் பழகிய கழுத்தோடு
நடுவில் வெய்க்காவின் ட்ரம்ஸ்.

தனியே வாசித்தால் அவள் ஒலி பிரமாதம்.
மிட்டைப் பூஜ்யத்துக்குத் திருகி,
அடியையும் நுனியையும் கடைசிவரை ஏற்றி,
உள்ளங்கையால் தந்தியை அமுக்கி ஒரு வெட்டு வெட்டினால்
சுவரில் சாய்த்த பனிச்சறுக்குக் கட்டைகள் நடுங்கும்.

மூவரும் சேர்ந்ததும்
அவளைக் காணோம்.

கை ஓடுகிறது. பெட்டி கொதிக்கிறது.
அடி என் அடிக்குள் அமிழ்ந்துவிட்டது,
நுனியை வெய்க்காவின் சிம்பல் தின்றுவிட்டது.
அவளுக்கென்று மிஞ்சியிருந்த இடம் நடு;
அதைத்தான் அவளே வெட்டி எறிந்திருந்தாள்.

"இன்னும் ஏற்று" என்றான் வெய்க்கா.
ஏற்றினாள். காது வலித்தது.
அப்போதும் இல்லை.

"இந்தக் குமிழ்கள் எதையும் தருவதில்லை" என்றாள்,
என்னிடம் அல்ல, தகரத்திடம்.
"பத்து என்றால் கூட்டுவது இல்லை,
குறைவாகப் பறிப்பது."
மூன்றையும் பூஜ்யத்தில் வைத்துக் காட்டினாள்.
அறை ஊமையாயிற்று.
"ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும்.
மூன்று பேரையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது."
வெய்க்கா இருமினான்.

மிட்டை ஆறுக்குக் கொண்டுவந்தாள். அவள் வந்தாள்,
ஆனால் அடித் தந்தி ஓட்ஸ் கஞ்சியாய்க் குழைந்து.
பேஸைக் குறைத்தாள். கஞ்சி இளகியது, அவ்வளவுதான்.
குமிழ் இருப்பது வால்வுகளுக்கு அப்புறம்.
உடைந்து வந்ததைப் பின்னாலிருந்து எவ்வளவு வழித்தாலும்
உடைந்தது உடைந்ததுதான்.

ப்ளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றினாள்.
"தொடாதே. உள்ளே முந்நூறு வோல்ட்.
பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும்."
ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அது வடியும்வரை
மீட்டரைப் பார்த்தபடி நின்றோம்.
நான் டார்ச் பிடித்தேன்.
முதல் வால்வுக்கும் இரண்டாவதற்கும் இடையே
ஒரு கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு
அதில் இருபதில் ஒரு பங்கை வைத்தாள்.
கனத்தை உடைவதற்கு முன்னால் குறைக்க வேண்டும்,
வேண்டுமென்றால் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் எப்போதும் அப்புறம்தான் திருகியவன்.
தட்டுகள் உடைந்த மறுநாள் காலை,
குரலைத் தணித்துக்கொண்டு, காபி போட்டுக்கொண்டு.

"வெளிச்சம்" என்றாள். டார்ச் விலகியிருந்தது.

மறுபடி வாசித்தோம். ஒவ்வொரு வெட்டும்
தனித்தனியாய் விழுந்தது, விறகு பிளப்பதுபோல.
அவளுக்கு அடியில் எனக்கு இடம் இருந்தது.
வெய்க்கா முதல் முறையாகத் தலையைத் திருப்பினான்,
இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.

எல்லாம் முடிந்தபின் அவள் மட்டும் இரண்டு நிமிடம் வாசித்தாள்.
மூக்கால் பேசும் தகரம்.
"தனியாகக் கேட்டால் அசிங்கம்" என்றாள்.

வீட்டில் அவள் தனியாகத்தான் கேட்கிறாள்.
போனதும் மிட்டைப் பூஜ்யத்துக்குத் திருகிவிடுவாள், தெரியும்.
ஆனாலும் கிளம்புமுன்
பையிலிருந்து அந்தச் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து
ஆறுக்கு நேரே ஒரு புள்ளி வைத்தாள்,
செவ்வாய்க்கிழமைக்கு.
காயும்வரை ஊதினாள்.
நாங்கள் இருவருமாகக் கதவைத் தள்ளினோம்.