மேல்பாதி

மேட்டூர் திறந்து பத்தொன்பதாம் நாள்
கோட்டூருக்குத் தெற்கே, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது.
தண்ணீருக்கு முன்னால் நுரை வந்தது.
நுரைக்கு முன்னால் பாட்டில்கள்,
கழுத்தை உயர்த்திக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு,
பெண் பார்க்க வேனில் வந்திறங்குகிறவர்கள் மாதிரி.

மிதப்பதால் ஒன்றுமில்லை.
நிரம்பி மூழ்கி, டிராக்டர் சக்கரத்தில் நொறுங்கி
சேற்றுக்குள் படுத்துக்கொள்கிறதே,
அதுதான் நடவு நாளில் என்னிடம் வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் நான்.
அந்த வாரம் மட்டும் பதினொரு கால்.
கழுவக் கழுவத்தான் தெரியும்
எது சேறு, எது தோல், எது காயம் என்று.
செங்கமலத்துக்கு உள்ளங்காலில் ஏழு தையல்.
கத்தவில்லை.
"அரைநாள் கூலி போச்சு" என்றாள்
மின்விசிறியைப் பார்த்து.
எடுத்த சில்லை ட்ரேயில் போட்டேன்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பச்சையாய் மின்னியது.
அழகாக இருந்தது.
அழகாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மதகில் இறங்கி
உடையாத பச்சைகளாய்ப் பார்த்து நாலு எடுத்தேன்.
நான் குடியிருப்பது குவார்ட்டர்ஸ்.
கையில் பாட்டிலோடு போனால்
டீக்கடை பெஞ்சு என்ன சிலேடை சொல்லும் என்று தெரியும்.
துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன்.

சோடா உப்பில் ஊறி
லேபிள் குதிரைக்கு முதலில் கால்கள் கழன்றன,
அப்புறம் குதிரையே.
பேண்டேஜிலிருந்து உருவிய நூல், இடுப்பில் மூன்று சுற்று.
ஸ்பிரிட். தீக்குச்சி.
நீலமாக ஓடுகிற தீயை உருட்டி உருட்டி
அணையப்போகும் நேரம் வாளியில் முக்க வேண்டும்.
முதல் மூன்றும் தன் இஷ்டத்துக்கு விரிந்தன.
சதை சொன்னால் கேட்கும், கண்ணாடி கேட்காது.
நாலாவது கேட்டது:
டக்.

விளிம்பை உப்புத்தாளில், தண்ணீர் தொட்டுத் தொட்டு,
இரண்டு மணி நேரம்.
கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன்.
நெயில் பாலிஷில் வெள்ளைப் புள்ளி,
ஏழு வரிசை நினைத்தேன்,
ஆறில் தீர்ந்துபோனது.
பாதித் தண்ணீர், மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய்,
தக்கையில் குத்திய திரி.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தாள்.
மழை இருட்டு, கரண்ட் இல்லை.
மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
"இதா என்னைக் கடிச்சது?"
"இல்ல, அதோட பங்காளி."
சிரித்தாள்.
ஏழு முடிச்சையும் நான் அறுத்து முடிக்கும்வரை
கட்டைவிரலால் அந்த விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்.
எங்க வரப்புல மட்டும் நூறு கெடக்கு.
எத்தனை வெளக்கு ஏத்துவீங்க?"

பஞ்சால் துடைத்தேன், துடைத்த இடத்தையே.

அவளிடம் கொடுப்பதாக மனசுக்குள் ஒரு காட்சி வைத்திருந்தேன்.
வாங்கிக்கொள்வாள். கண் கலங்கும். யாருக்கு என்று யோசித்ததில்லை.
ஊதி அணைத்து நீட்டினேன்.
"வேணாம், எலி தட்டி விட்டுரும்.
மறுபடி சில்லுதான்."
பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.
"அந்த மேல்பாதி குப்பைக்கா?"

கழுத்தும் தோளுமாய்
நான் மறந்தே போயிருந்த பாதி.

"குடுங்க, புனலாகும். டேங்குல மருந்து ஊத்த."

புனல் என்றால் ஆறு என்றும் பொருள்.
சோழநாட்டுக்கே அது ஒரு பெயர்,
ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்திருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
"கூரா இருக்கு, தேச்சு வைக்கிறேன், நாளைக்கு வா" என்றேன்.
"இப்பவே தேய்ங்க" என்று
பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தேய்த்துக் கொடுத்தேன்.
குடத்தில் ஒரு சொம்பு மொண்டு,
பாதியைக் கவிழ்த்துப் பிடித்து,
வாசலில் ஊற்றிப் பார்த்தாள்.
மேலே அகலமாக விழுந்தது.
கீழே மெலிசாக இறங்கியது,
எங்கள் ஊருக்கு வருகிற அளவு.