மூன்றாவது வரி

அந்தச் சட்டம் இரண்டே வரி.
மளிகைக் கணக்குகூட அதைவிட நீளம்.
தந்தியில் வந்ததை நான்தான் படியெடுத்தேன்.
இன்றுமுதல் அடிமைமுறை இல்லை.
இதற்கு மாறான எதுவும் செல்லாது.
கீழே மிச்சமிருந்த வெள்ளையில்
பழக்கதோஷத்தில் மையொற்றியை அழுத்தினேன்.
ஒற்ற ஒன்றும் இல்லை.

பராயீபா ஆற்றின் இருகரையிலும் மணி அடித்தது.
மே மாதக் குளிரில்
பறிக்க ஆளில்லாமல்
காப்பிப்பழம் கிளையிலேயே கறுத்த வாரம் அது.

பதினாறு வருடம் முன்பு இதே மேசையில்
கட்டம் கட்டமாக எழுதியவன் நான்.
எண், பெயர், நிறம், வயது, எதற்கு ஆகும், என்ன பெறும்.
முப்பத்தேழு. பல்பீனா. கறுப்பு. பதினான்கு.
காப்பி பறிக்க.
என் கையெழுத்து அழகு என்று
நீதிபதியே சொல்லியிருக்கிறார்.

பிறகு அவள் வீட்டுக்குள்
(பூட்டு வெளிப்பக்கம் இருப்பதை வீடு என்றால்)
மூன்று பேருக்கு மூன்று சட்டம் வந்தது.
மகள் தெல்ஃபீனா பிறக்கும்போதே சுதந்திரப் பிரஜை,
இருபத்தொன்று ஆகும்வரை மட்டும்
எசமானின் அடுப்படியில்.
தகப்பன் சில்வேரியோவுக்கு அறுபதில் விடுதலை,
விடுதலையின் விலைக்கு
மேலும் மூன்று வருட உழைப்பு.
நடுவில் பல்பீனா.
வயிற்றுக்கு விடுதலை.
வயிற்றுக்காரிக்கு இல்லை.

முன்னேற்றம் என்றார்கள் தலைநகரில்.
நானும் தலையாட்டினேன்.
உடைமைக்கும் உரிமைக்கும் ஓர் எழுத்துத்தானே வித்தியாசம்,
மெல்ல மாறட்டும் என்றேன்.
காலில் செருப்பு இருந்தவனுக்கு
அவசரம் இல்லை.

மணியோசை ஓய்ந்த மூன்றாம் நாள் அவள் வந்தாள்.
புதுக் காலணி, கையில்.
முப்பது வருடம் மண்ணில் விரிந்த பாதம்
அதற்குள் போகவில்லை.
"மூன்றாவது வரியைப் படியுங்க."
"இரண்டுதான்."
"தாளைத் திருப்புங்க."
திருப்பினேன்.
"அப்போ நிலம்? கூலி? அப்பாவோட மூணு வருஷம்?"
அலுவலகம் என்ன சொல்லுமோ அதைச் சொன்னேன்:
நாளை வா.

சில்வேரியோ ஜூலையில் இறந்தார்,
அந்த மூன்று வருடத்தில்
ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு உத்தரவு:
பதிவேடுகளை எரிக்க வேண்டும்.
தேசத்தின் கறை போகுமாம்.
நட்ட ஈடு கேட்டு எசமானர்கள் இனி வர முடியாதாம்.
நல்லதுதான்.
வேறு யாராலும் கேட்டு வர முடியாது என்பதை
உத்தரவில் எழுத மறந்துவிட்டார்கள்,
அல்லது மறக்கவில்லை.

கொல்லையில் தீ மூட்டியிருந்தேன்.
மகளோடு வந்து நின்றாள்.
"என் விலை எழுதின தாள் எனக்கு வேணும்."
"அவமானம் அம்மா அது. எரியட்டும்."
"அவமானம் உங்களது. எடுத்துக்குங்க.
எனக்குக் கணக்கு வேணும்.
அப்பா பேரு எழுத்துல இருக்கிறதும் அங்கதான்."

கிழித்துக் கொடுத்திருக்கலாம்.
ஒரு தாள். யாரும் எண்ணப்போவதில்லை.
சம்பளத்தை நினைத்தேன்.
தோல் அட்டை முதலில் சுருண்டது,
மாட்டிறைச்சி கருகும் நாற்றம்.
முப்பத்தேழாம் எண் எப்போது எரிந்தது என்று
பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவள் அழவில்லை. கேட்டாள்:
"மனப்பாடமா இருக்குமே உங்களுக்கு?"

இருந்தது. கட்டம் தவறாமல் சொன்னேன்.
தெல்ஃபீனா, பதினான்கு வயது,
என் மேசையில், என் பேனாவில்,
காப்பி மூட்டைக்குள் வைக்கும் பழுப்புத் தாளில்
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.
நான் சொல்ல வேறொருவர் எழுதியது
அந்த அறையில் அதுதான் முதல்முறை.

தலைகீழாகத் தெரிந்த எழுத்தைக் கூட்டிப் படித்தேன்.
சில்வேரியோ மகள் பல்பீனா.
பிறந்ததுமுதல் முப்பது வருடம்.
மூன்றாவது வரியில் ஒரே சொல்,
எழுத்துப்பிழையோடு:
பாக்கி.

சாட்சிக் கையொப்பம் போடட்டுமா என்று
மைக்கூட்டை நோக்கிக் கை நீட்டினேன்.
அந்தப் பெண் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு,
இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.