மதிய விமானத்தில் ஓர் ஆறு

ஜனவரியில் பெத்தெலுக்குப் பத்தரை மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் இருபது பேரிடம் கேட்டுவிட்டேன்:
பெட்டிக்குள் பவர் பேங்க் இருக்கிறதா?
இருந்தால் எடுங்கள், கையோடு வையுங்கள்.
கண்முன்னே புகைந்தால் அணைக்கலாம்.
சரக்கறையில் புகைந்தால்
யார் பார்ப்பது?

டிரில் மெஷின் பேட்டரியா?
முனைகளில் டேப் ஒட்டுங்கள்,
சாவிக்கொத்தோடு போடாதீர்கள்.
டேப் இல்லையா, இந்தாருங்கள்.
ஒரு குளிர்காலத்துக்கு எட்டுச் சுருள் தீர்க்கிறேன்.

ஈவோன் நிக்கோலாய் வந்தார்.
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒரு போனை மேசையில் வைத்தார்.
புளித்த மாவு மூடியைத் தள்ளுவதுபோல்
பின்பக்கம் பிதுங்கியிருந்தது.

"ஆங்கரேஜில் ஒருவன் திறந்து தருவானாம், மாட்ரோனா."
"இது பறக்காது, ஈவோன்."
"அணைத்துவிட்டேன்."
"அணைத்தாலும்."
"ஜில்லென்றுதானே இருக்கிறது, தொட்டுப் பார்."
நான் தொடவில்லை.

ஆங்கரேஜ் நானூறு மைல்.
சாலை கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை.

போனுக்குள் இருப்பது நான்கு குளிர்காலத்து ஆறு.
குஸ்கோக்விம் நெடுக அவர் துளைத்த குழிகள்,
குழிக்குள் இறக்கிய அளவுகோல், அங்குலம், தேதி,
எந்த வளைவில் அடிநீர் பனியை அரிக்கிறது என்ற படங்கள்.
பனிமேல் வண்டி போகலாமா என்று சொல்பவர் அவர்தான்.
நகல்?
எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று நவம்பர் போய்விட்டது.

போன டிசம்பரில் என் தம்பி லாரியைக்
கரையிலேயே திருப்பியவரும் அவர்தான்.
ஒன்பது அங்குலம், லாரிக்குப் போதாது.
பின்னால் டீசல் பீப்பாய்கள்.
"நேற்றுக் கடந்தார்களே!" என்று தம்பி கத்தினான்.
"கடந்தார்கள்" என்றார் ஈவோன்.
அவ்வளவுதான்.

அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும்.
மீசையில் உறைந்திருந்த மூச்சு
ஒரு பக்கமாக விரிசல் விட்டது.

மணல் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தேன்.
பள்ளிக்கூடத்துக் கணினிகளைப் பார்க்கும் தெல்மாவைக் கூப்பிட்டோம்.
வெளியே, சுவர் மறைவில்,
பிளாஸ்டிக் அட்டையால், கத்தி வேண்டவே வேண்டாம் என்று,
பசையை நூல்நூலாக நெம்பினாள்.
பத்தடி தள்ளி நின்ற நாங்கள்
இருமக்கூட இல்லை.

பேட்டரி மணலில் படுத்தது.
எலும்பும் தோலுமான போன் உறைக்குள் போனது.
படிவத்தில் 'பேட்டரி இல்லை' என்று எழுதி
அடியில் கோடு போட்டேன்,
இரண்டு கோடு.

மதிய விமானத்தில் ஆறு பறந்தது.

ஈவோன் அண்ணாந்து பார்க்கவில்லை.
இந்த வார எண்களை மறுபடி அளக்கவேண்டுமாம்,
துளைக்கோலைத் தோளில் போட்டுக் கரையிறங்கினார்.
"எத்தனை அங்குலம் என்று வந்து சொல்லுங்கள்" என்றேன்,
"தம்பி கேட்பான்."

வாசலில் வாளிமேல் பனி விழத் தொடங்கியிருந்தது.
அடுத்தவர் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்.
பவர் பேங்க் இருக்கிறதா?