பெஞ்சில் இருப்பவர் – 2

செவ்வாய் இரவு ஒன்பதரை,
தேபான் கார்டன்ஸ், பதினோராம் மாடி.
மீ கோரெங் பொட்டலத்தின் ரப்பர்வளையத்தைக் கழற்றுவதற்குள்
சார்ஜண்ட் சாவியைத் தொலைத்துவிட்டார்.
விலங்கின் ஒரு முனை அவர் மணிக்கட்டில்,
மறுமுனை நிலையத்துக் குளிர்பதனப் பெட்டியில்.
மேலதிகாரி உள்ளே வர,
கதவைத் திறந்து தலையை நுழைத்து,
"பால் கெட்டுப்போச்சான்னு விசாரிக்கிறேன், சார்."

எனக்குப் புரையேறியது.
நஸ்ரின் என் முதுகில் தட்டிக்கொண்டே
அவளும் சிரித்தாள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
நன்றாகத்தான் எழுதுகிறார்கள், பாவிகள்.

அந்த நிலையத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.
விசாரணை அறையில் பிறந்தநாள் கேக்.
தப்பான ஆளைப் பிடித்தால்
இருபத்திரண்டாம் நிமிடம் மன்னிப்பு,
இருபத்து மூன்றில் எல்லாரும் சேர்ந்து கோப்பி.
பிடிபட்டவனும் கோப்பி குடிக்கிறான்,
வீட்டுக்குப் போகிற அவசரமே இல்லாமல்.

பூன் லே ரயில் நிலையத்தில்
ஒரு மேசை போட்டிருப்பார்கள்.
எனக்கு முன்னால் போனவரின் பை பெரியது,
பின்னால் வந்தவருடையது இன்னும் பெரியது.
என்னுடையதைத் திறந்தார்கள்:
குடை, பாதி கடித்த கறிபஃப்,
மகள் பள்ளிக்கூடத்தில் ஊதும் குழல்.
அந்த மாதத்தில் மூன்றாவது தடவை.
"ரொட்டீன்தான் அங்கிள், சாரி ஆ" என்றான் பையன்.
காதோரம் சவரக் காயம்,
தொடரில் வரும் புது கான்ஸ்டபிளின் அதே மூக்கு.

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன்.

மின்படியில் ஏறும்போதுதான் உறைத்தது.
அந்தச் சிரிப்பு பூன் லேயில் பிறந்ததில்லை.
அவன் வாயைத் திறக்குமுன்பே
நான் மன்னித்து முடித்திருந்தேன்.
செவ்வாய்தோறும் யாரோ என்னை
ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

மைத்துனர் ஜியாவுத்தீன் நிஜ சார்ஜண்ட்.
பெருநாளன்று எங்கள் சோபாவில் உட்கார்ந்து
எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.
நிஜத்தில் எப்படி என்று கேட்டேன்.
"டைப் அடிப்போம்.
மேல்வீட்டுத் துணி கீழ்வீட்டில் சொட்டும், போவோம்.
போன வாரம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி
'உங்க பையன்...'னு ஆரம்பிக்கணும்."
ஆரம்பித்த பிறகு என்ன என்று சொல்லவில்லை.
பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு,
"குளிர்பதனப் பெட்டியோட ஒரு நாள், எனக்கும் கிடைச்சா தேவலை" என்றார்.
அவரிடம் பூன் லே மேசையைப் பற்றி
எப்படிக் கேட்பது?
கேட்கவில்லை.

அப்புறம் தவமணி.
பகலில் பொட்டல விநியோகம்,
விடுப்பு நாளில் துணை நடிகர்.
நிலையத்தின் மூலையில் ஒரு பெஞ்ச் இருக்குமே,
அதில் கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பவர்.
வசனம் கிடையாது. எண்பது வெள்ளி, சாப்பாடு தனி.
மூன்று வாரத்தில் மூன்று குற்றத்துக்கு
ஒரே சட்டையில் உட்காரவைத்தார்கள்.
பெயர்ப்பட்டியல் ஓடும்போது கூர்ந்து பார்த்தால் தெரியும்:
பெஞ்சில் இருப்பவர் – 2.
"குற்றவாளி மாதிரிப் பாருங்கன்னாங்க.
என்ன குற்றம்னு கேட்டேன், நடிக்கணும்ல.
அது கதைக்குத் தேவையில்லைன்னுட்டாங்க."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அம்மா எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருக்கிறாராம்.

தொடரை நிறுத்திவிடலாம் என்று
ஒரு செவ்வாய் துணி மடித்தேன்.
பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாகச் சிரிப்பு வந்தது.
எந்தக் கட்டம் என்று தெரியாமல்
இரண்டு காலுறையை ஜோடி மாற்றிப் போட்டேன்.

இன்று மறுபடி ஒன்பதரை.
சார்ஜண்ட் தன் கைத்துப்பாக்கி உறையில்
கறிவேப்பிலை வளர்க்கிறார்.
மேலதிகாரி மோந்து பார்க்கிறார்.
அறை முழுக்கக் குலுங்குகிறது.
பெஞ்ச் மட்டும் சிரிக்கக்கூடாது, அதுதான் விதி.
காட்சியின் இடது ஓரத்தில்
தவமணி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார்.
தோள் ஒரு தடவை எகிறுகிறது.
வெட்டாமல் விட்டுவிட்டார்கள்,
அல்லது அங்கே யாருமே பார்க்கவில்லை.

பின்னால் ஓட்டினேன். இன்னொரு தடவை.
"எதுக்கு?" என்றாள் நஸ்ரின்.
கறிவேப்பிலைக்காக என்றேன்.
பாதி உண்மை.