ஏழிலிருந்து ஒன்பது வரை

ருஸ்தாவியில் அந்தக் குளிர்காலம் மின்சாரம்
வேண்டாவெறுப்பான விருந்தாளி மாதிரி.
ஏழுக்கு வரும். ஒன்பதுக்குச் சொல்லாமல் போகும்.
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்து லிஃப்ட்டில்
காசு போட்டால்தான் கதவு திறக்கும்.
மின்சாரம் இல்லாத லிஃப்ட்டுக்கு
எவன் காசு போடுவான்?
கதவில் ஓர் அட்டை தொங்கியது:
வேலை செய்யவில்லை.
நுக்ரி அதைக் கழற்றி வந்து டிரம்மில் மாட்டினான்.
எங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தாயிற்று.

டிரம் என்றால், பெரியது மட்டும்தான் டிரம்.
மற்றது ஊறுகாய்ப் பீப்பாயின் மூடி,
பிறகு பச்சானாவின் அப்பாவுக்கு எஃகு ஆலையில்
சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த தகடு.
அடித்தால் இரண்டு மாதச் சம்பளம் கணீரென்று பேசும்.
பச்சானாவுக்கு கிட்டார். எதேரிக்குக் குரல்.
எனக்கு பாஸ், வேறு யாரும் கேட்காததால்.
நான்கு தந்தியில் ஒன்று டெலிபோன் கம்பி.
அதைத் தொடாமல் வாசிக்கப் பழகியதை
என் தனி பாணி என்று பின்னாளில் சொல்லிக்கொண்டேன்.

மொட்டைமாடி லிஃப்ட் அறையில் ஒத்திகை.
எதேரி வாய் திறப்பதைப் பார்ப்போம்.
என்ன பாடுகிறாள் என்பது
அவளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலான விவகாரம்.
ஒன்பது அடித்த பிறகும் சில நாள் வாசிப்போம்,
செத்த தந்திகளில் விரல் மட்டும் ஓட,
நான் வாயால் டூம், டூம் என்று.

டிசம்பரில் பேருந்துப் பணிமனை கேன்டீன் கிடைத்தது.
கையால் எழுதி ஊரெல்லாம் ஒட்டினோம்:
‘சனிக்கிழமை மாலை ஏழு. பணிமனை கேன்டீன்.
வேலை செய்யவில்லை.’
படித்தவர்கள் பாவம்,
கேன்டீன் மூடல் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
வந்தது பத்தொன்பது பேர்.
அதில் பதினோரு பேர் ரொட்டி வரிசையிலிருந்து,
உள்ளே அடுப்பு எரிகிறது என்று கேள்விப்பட்டு.

மேலாளர் அவ்தாந்தில் கோப்பையை உயர்த்தினார்.
சமாதானத்துக்கு. இறந்தவர்களுக்கு.
இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு.
டீசல் இல்லாமல் நிற்கும் பதினான்கு பேருந்துகளுக்கு,
ஒவ்வொன்றாக, எண் சொல்லி.
கோப்பை உயர்ந்திருக்கும்போது கிட்டாரைத் தொடுவது
எங்கள் ஊரில் பாவம்.
எட்டே முக்காலுக்கு உட்கார்ந்தார்.

நான்கு பாட்டு, பதினைந்து நிமிடம்.
எதை விடுவது என்ற சண்டையில் ஐந்து போயிற்று.
நுக்ரி எண்ணாமலே அடிக்கத் தொடங்கினான்.
மூன்று பேரும் மூன்று பாட்டைத் தொடங்கினோம்,
எங்கோ நடுவில் சந்தித்தோம்.
அந்த இடத்தை எப்படிச் சொல்ல?
தட்டுகள் அலமாரியில் தானாக நகர்ந்தன.
என் டெலிபோன் கம்பிகூட ஒருமுறை
சரியான எண்ணுக்குப் பேசியது.

அப்போது ஒன்பது.

விளக்கு, கிட்டார், நான், எல்லாம் ஒரே வெட்டில்.
டிரம்முக்கு மட்டும் யார் தயவும் வேண்டாம்,
நுக்ரி இருட்டில் அடித்துக்கொண்டே போனான்.
எதேரியும் நிறுத்தவில்லை.
எட்டு மாதத்தில் முதன்முறையாக
அவள் பாட்டு என் காதில் விழுந்தது:

கடலுக்கு அப்பால் வேலை கிடைத்தவனே,
டிரம்முக்குள் டிக்கெட்டை ஒளித்தவனே,
போ.
என் அண்ணனின் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போ,
இங்கேயும் குளிர்தான்.

தகட்டில் ஓர் அடி தவறியது.
பிறகு பெரிய டிரம் மட்டும்,
படியேறி எட்டாம் மாடியில் மூச்சு வாங்குகிறவன் போல.
எவ்வளவு நாளாக இதைப் பாடிக்கொண்டிருந்தாள்,
எங்கள் இரைச்சலுக்கு அடியில்?

பச்சானா தீக்குச்சி கிழித்தான்.
நுக்ரியின் முகத்தைப் பார்க்கப் பயந்து
நான் அட்டையைப் பார்த்தேன்.

ரொட்டி வரிசைக்காரி ஒருத்தி கேட்டாள்:
‘முடிஞ்சிருச்சா? இன்னொண்ணு பாடுங்க.
ரொட்டி இன்னும் வரலை.’

நுக்ரி எழுந்தான்.
கோட்டைக் கழற்றி எதேரியின் தோளில் போட்டான்.
வெறும் சட்டையோடு உட்கார்ந்து
இந்த முறை ஒழுங்காக எண்ணினான், நான்கு வரை.

எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை.
டூம் என்றேன்.