நம்பிக்கை இடைவெளி

மணி அடித்ததும் கதவு திறந்தது,
சங்கிலி விடவில்லை.
நாலு விரற்கடை.
அதற்குள் அடையாள அட்டையை நீட்டினேன்.
உள்ளிருந்து புதினா மணம் வந்து
முதலில் என்னை விசாரித்தது.

அறுபத்தைந்தைக் கடந்தவர்களில்
நூற்றுக்கு எத்தனை பேருக்கு மறதிநோய் என்று
ரோட்டர்டாம் நகரத்துக்குத் தெரிய வேண்டுமாம்,
இனவாரியாக.
இங்கேயே பிறந்தவர் எத்தனை,
மொராக்கோவின் ரிஃப் மலையிலிருந்து வந்தவர் எத்தனை,
சுரினாம் எத்தனை, கேப் வெர்டே எத்தனை.
எனக்கு விழுந்தது
டிராம் பாதையின் இரு பக்கமும்
முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.

மீமூந்துக்கு எழுபத்தொன்பது என்றது ஆவணம்.
எழுபத்தாறுதான் என்றார் மகன்.
பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
இந்தத் தெருவில் பாதிப் பேர்
ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறார்கள்,
ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசை மேல்.

போன ஆண்டு மருத்துவமனையில்
கடிகாரம் வரையச் சொன்னார்களாம், டச்சு மொழியில்.
வாழ்நாளில் முதல்முறை பென்சில் தொட்டவள்
மாவு பிசையும் பிடியில் அதைப் பிடித்தாள்.
காகிதம்தான் கிழிந்தது.
முப்பதுக்குப் பதினொன்று.
கோப்பில் ஒரு முத்திரை.

இம்முறை அவள் மொழி பேசும் சிஹாம் கூட வந்தாள்.
எழுத்தே வேண்டாத தேர்வு, படங்கள் மட்டும்.
சாவி, தேநீர்க் குடுவை, ஆடு.
ஆட்டைப் பார்த்ததும்
குட்டியா, சினையா, கறவை வற்றியதா
என்று எங்களைக் கேட்டாள்,
ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
இருபது நிமிடம் கழித்து அதே படங்கள்.
ஒன்றுகூடத் தவறவில்லை.
ஒப்புதல் தாளில் கைநாட்டு வைத்தாள்.
வாசலில் நான் மறந்த குடையை
அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று வீடு தள்ளி
ஓய்வுபெற்ற கணக்காசிரியர் மெய்ன்தெர்த்.
வினாத்தாள் அவர் உடம்புக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை.
நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து
படியிறங்கும் சிறுவன்போல இறங்கினார்.
நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொல் மட்டும் வரவில்லை.
முப்பதுக்கு இருபத்தேழு. தேர்ச்சி.
காபி தந்தார். மறுபடி தந்தார்.
மூன்றாவது கோப்பையை ஊற்றியபடி
"மின்மானி பார்க்க வந்தீர்களா?" என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை.

கேப் வெர்டே மாலுமி தெயொலிந்து,
இப்போது என்ன பருவம் என்றதற்கு
"மழை பொய்த்த பருவம்" என்றார்.
சன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.
தவறு என்று குறிக்கப் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.
"வயதானால் தலை கனக்கும்,
அதற்கும் ஒரு பெயரா?" என்றாள் மனைவி,
அவர் சட்டையின் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே.

திறக்காத கதவுகளுக்கும் சேர்த்து
எடை கொடுக்க வேண்டும் என்றார்
புள்ளியியல் பார்க்கும் யெல்லே.
அதன்படி மீமூந்த் இனி ஒருத்தி அல்ல,
நாற்பத்தொரு பெண்கள்.
அன்றிரவு நாற்பத்தொரு குடைகள்
என்னைத் தேடி வந்தன.

நூற்றுக்கு ஒன்பது முதல் இருபது வரை
என்று முதல் அறிக்கை.
இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதற்கு
நம்பிக்கை இடைவெளி என்று பெயராம்.
இவ்வளவு அகலமா, குறைக்க முடியாதா
என்று நகரசபையில் கேட்டார்கள்.
இன்னும் கதவுகள் வேண்டும் என்றார் யெல்லே.
நான் மேசைக்கு அடியில்
நாலு விரலைச் சேர்த்து அளந்து பார்த்தேன்.

திங்களன்று மறுபடி டிராம்.
எண்ணிக்கொண்டே போனேன்,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.
இருநூற்றேழாவது கதவு.
மணியை அழுத்தினேன்.
உள்ளே செருப்பு தேயும் ஓசை கிளம்பி,
நடையில் பாதி தூரம் வந்து,
எதற்காக எழுந்தோம் என்பதுபோல
நின்றது.