நீர்க்கோடு

சக்கரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நகங்கள்,
யாருடைய விரலிலும் இல்லாதவை.
யஸ்னா அதைச் சுழற்றிவிட்டு
வந்தவள் முகத்தைப் பார்ப்பாள்.
கண் எங்கே நிற்கிறதோ
அங்கிருந்து வேலை தொடங்கும்.

பாரோன் குன்றின் மேல் கடை.
கீழே வல்பரைசோ துறைமுகம்.
இடையில் தகரச் சுவர் வீடுகள், ஆளுக்கொரு நிறம்,
தோள் உரசியும் கலக்காதவை.

மதியம் வந்த மைத்தே, அக்காள் கல்யாணத்துக்கு,
பால்வெள்ளையில் தொடங்கி ரோஜாவில் முடித்துக்கொண்டாள்.
அது சுலபம். அண்டை வீட்டு நிறங்கள்.
ஸ்பாஞ்சில் பக்கம் பக்கமாய்த் தடவி
நகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தால்
ஒன்று எங்கே விட்டது, மற்றது எங்கே தொட்டது
என்று பூசியவளுக்கே தெரியாது.

ஆறரைக்கு வந்தாள் எதெல்மீரா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
தலைக்கவசம் அழுத்திய கோடு
நெற்றியில் இன்னும் இருந்தது.
"நாள் முழுக்க நான் பார்ப்பது
கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல்,
மேலே என் பத்து விரல்.
விரலாவது நான் சொன்னபடி இருக்கட்டும்"
என்று எண்பத்தாறைத் தொட்டாள், நூற்று நாற்பதைத் தொட்டாள்.
துருச்சிவப்பு. பாசிப்பச்சை.

"எதிரெதிர் நிறங்கள், பெண்ணே.
கலக்கும் இடத்தில் சேறுதான் வரும்.
நடுவில் வெள்ளை வைத்துப் பிரிக்கட்டுமா?
பொன்தூள் தூவி மறைக்கட்டுமா?
இல்லை, சிவப்பு இருக்கட்டும், பச்சைக்குப் பதில் பவளம்..."

"சேறு எப்படி இருக்கும்? காட்டு."

இரண்டு சொல் சேருமிடத்துக்குத்
தமிழ் மூன்று வழி வைத்திருக்கிறது.
பூவும் கொடியும் நெருங்கினால் நடுவே ஒரு ங் தோன்றும்.
பொன், குடத்தைத் தொட்டதும் பொற்குடமாய்த் திரியும்.
மரம் தன் கடைசி மெய்யை உதிர்த்தால்தான் மரவேர்.
யஸ்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஸ்பாஞ்சுக்கும் தெரியாது.
ஆனாலும் மாதிரி நகத்தில் வைத்த முதல் ஒற்றில்
மூன்றும் ஒரேயடியாய் நடந்தன.

எதெல்மீரா அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
"இதுதான். இந்த நடுதான் வேண்டும்.
பெட்டி இறங்க இறங்கக் கப்பல் எழும்பும், தெரியுமா உனக்கு?
காலையில் தண்ணீருக்குள் கிடந்த சிவப்பு வயிறு
சாயங்காலம் வெளியே வந்துவிடும்.
சிவப்பு முடிந்து பச்சை தொடங்கும் முன்
வழவழவென்று ஒரு பட்டை,
பெயின்ட் கம்பெனிக்காரன் பெயர் வைக்காத நிறம்.
அது மேலே ஏறியிருந்தால்
நான் வேலை செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.
பதினோரு வருடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏணி இறங்குகிறேன்."

சேற்றைத் தவிர்த்தே பழகிய கை.
வேண்டுமென்று குழப்பச் சொன்னால் வரவில்லை.
முதல் விரலில் ஒற்று மிகுந்தது: காப்பித்தூள்.
துடைத்தாள்.
அடுத்த முறை ஒற்று மிகவே இல்லை:
தர்பூசணித் துண்டு போல
சிவப்பும் பச்சையும் முறைத்துக்கொண்டு நின்றன.
எதெல்மீரா சிரித்த சிரிப்பில் கை ஆடிற்று.
துடைத்தாள்.
மூன்றாவது முறை ஸ்பாஞ்சின் ஈரத்தைத் தாளில் இறக்கிவிட்டு,
மூச்சடக்கி, ஒரு மயிரிழை மேலே, ஒரு மயிரிழை கீழே.
வந்தது.
சாம்பலா, பழஞ்செம்பா, ஊறிய புளியா,
இரண்டு பேரும் பெயர் தேடவில்லை.

விளக்குப் பெட்டிக்குள் அறுபது வினாடி.
பால் பொங்கக் காத்திருப்பதுபோல்
அந்த நீல வெளிச்சத்தையே பார்த்திருந்தார்கள்.

இடது சுண்டுவிரல் மட்டும் சொல் கேட்கவில்லை.
சேற்றுக்குப் பதில் அங்கே ஒரு மஞ்சள் கீற்று.
எந்தப் புட்டியிலிருந்து வந்ததோ.
"அழிக்கட்டுமா?"
"வேண்டாம். எண்ணெய்க் கசிவு. அதுவும் நடக்கிறதுதானே."

காசை எண்ணி வைத்தாள்.
கையுறையை விரல் விரலாய் இழுத்து மாட்டி
வாசலில் திரும்பினாள்:
"ஜூனில் மூடுபனி. அப்போது
இரண்டு சாம்பல் வேண்டும்.
பார்த்தால் ஒன்றாகத் தெரியவேண்டும்,
ஒன்றாக இருக்கக் கூடாது."

யஸ்னா சக்கரத்தைச் சுழற்றினாள்.
சாம்பல் மொத்தம் ஒன்பது.